தரையிலும் மேலேறும்போதும் சூடேறும் ரோட்டரி எஞ்சின்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மாஸ்டா 13பி ரோட்டரி எஞ்சினைக் கியர் பெட்டியோடு இணைத்து, தாமே கட்டிய இரண்டு இருக்கை விமானத்தில் பொருத்தியிருப்பவர்களுக்கான குறிப்பு இது. முதல் உலகப் போரில் பறந்த நோம், லெ ரோன் எஞ்சின்களையும் ரோட்டரி என்றே அழைப்பார்கள். அவற்றில் சிலிண்டர்களே ப்ரொபெல்லரோடு சேர்ந்து சுழன்று காற்றில் ஆறிக்கொண்டன. அவற்றுக்கும் இந்தக் குறிப்புக்கும் தொடர்பில்லை.

டெக்சாஸில் எங்கள் ஹேங்கருக்குக் கோடைதோறும் இந்தக் கோளாறோடு யாராவது ஒருவர் வந்துவிடுவார். பெரும்பாலும் முந்தைய ரேடியேட்டரைக் கழற்றி, அதைவிடப் பெரியதொன்றை வாங்கிப் பொருத்தி, அதிலும் சூடு குறையாத பிறகே வருவார். ரேடியேட்டர் சிறியது என்பது கடைசியாக எட்ட வேண்டிய முடிவு. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்களைச் செலவில்லாததிலிருந்து செலவு மிகுந்தது வரையான வரிசையில் தந்திருக்கிறேன். வரிசையைத் தாண்டிப் போக வேண்டாம்.

நான் வைத்துக்கொள்ளும் எல்லைகள் இவை. எஞ்சினிலிருந்து வெளிவரும் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்; கீழே தண்ணீர் என்று சொல்வதும் இதையே) 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நலம். 104 டிகிரியைத் தொட்டால் பறப்பதை நிறுத்த வேண்டும். எஞ்சினுக்குள் நுழையும் ஆயில் 70 முதல் 85 டிகிரி வரை இருக்கலாம்; 99 டிகிரியைத் தாண்டக் கூடாது. ரோட்டர்களை (பிஸ்டனுக்குப் பதிலாக எஞ்சினுக்குள் சுழலும் முக்கோணத் துண்டுகளை) உள்ளிருந்து குளிர்விப்பது ஆயில்தான் என்பதாலும், தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து சுமக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆயிலின் தலையில் விழுவதாலும், ஆயில் மீட்டரைத் தண்ணீர் மீட்டருக்கு இணையாகக் கவனிக்க வேண்டும்.

பறக்கும்போது முள் எல்லையை நெருங்கினால் முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுங்கள், அடுத்து த்ராட்டிலைக் குறையுங்கள், கலவையைச் செறிவாக்குங்கள், பிறகு ஓடுபாதையை நோக்கித் திரும்புங்கள். காரணம் தேடுவதைத் தரையிறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

## எதையும் கழற்றுவதற்கு முன்: மீட்டர் சொல்வது உண்மையா?

சென்சாரைக் கழற்றி, வயரோடு சேர்த்துக் கொதிக்கும் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். ஒற்றை வயர் சென்சாராக இருந்தால் அதன் உடலை எஞ்சினோடு ஒரு தனி வயரால் இணைத்துவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் மீட்டர் 100 டிகிரியைக் காட்ட வேண்டும். உயரமான ஊரில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். 5 டிகிரிக்கு மேல் வேறுபட்டால், புதிய சென்சாரைப் பொருத்தும்வரை மற்றச் சோதனைகளுக்கு மதிப்பில்லை. ஒற்றை வயர் சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியவர்கள் அதைப் பிரித்துவிட வேண்டும், ஏனெனில் அந்தச் சென்சாருக்கு எர்த் கிடைப்பதே மரையின் வழியாகத்தான்.

## அறிகுறி 1: டாக்ஸியில் (தரையில் ஓட்டிச் செல்லும்போது) சூடேறுகிறது, பறக்கத் தொடங்கியதும் தணிகிறது

இதைக் கோளாறு என்று சொல்வதைவிடப் பழக்கத்தின் பிழை என்று சொல்வது பொருந்தும். ப்ரொபெல்லரின் நடுப்பகுதிக்கு அருகே இருக்கும் தடித்த அடிப்பாகம் காற்றை அதிகம் தள்ளுவதில்லை, கவுலின் (எஞ்சினை மூடும் கூட்டின்) நுழைவாய்களோ பெரும்பாலும் அதற்கு நேர்பின்னால்தான் இருக்கின்றன. காற்று பின்னாலிருந்து வீசும்போது டாக்ஸி செய்தால் நுழைவாயில் அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது.

செலவில்லாத வழிகள். எஞ்சினை இயக்கியதும், ஆயில் 60 டிகிரியைத் தொடும்வரை மூக்கைக் காற்றை நோக்கி வைத்துக் காத்திருங்கள். 2.85 விகிதக் கியர் பெட்டி இருந்தால் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும்போது ப்ரொபெல்லர் 842 சுற்றில்தான் சுழல்கிறது, எனவே 2.17 விகிதம் வைத்திருக்கும் நண்பரின் அனுபவம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. மிகத் தாழ்ந்த ஐடிலில் பத்து நிமிடம் காத்திருப்பதைவிடச் சற்றே உயர்ந்த சுற்றில் காற்றை எதிர்நோக்கி நிற்பது சில விமானங்களில் குளிர்ச்சி தருகிறது, சிலவற்றில் தருவதில்லை. இரண்டையும் ஐந்தைந்து நிமிடம் செய்து, குறித்துவைத்து ஒப்பிடுங்கள். எஞ்சின் சோதனை ஓட்டத்தை ஓடுபாதையின் முனைக்குப் போன பிறகு செய்யுங்கள்.

சில்லறைச் செலவு. கவுல் வெளிவாயில் மடல் இருந்தால் அது தரையில் முழுவதும் திறக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். விமானி அறையில் நெம்புகோல் 'திற' என்ற இடத்தில் நின்றாலும், கேபிள் தளர்ந்ததால் மடல் பாதிதான் திறந்திருந்ததை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். அடுத்து ரேடியேட்டரின் முன்புறத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் மண் குளவிகள் ஒரே வாரத்தில் ரேடியேட்டரின் மூலையில் கூடு கட்டிவிடும்.

யோசித்துச் செய்ய வேண்டியது. மின்விசிறி பொருத்துவது தரையில் உதவும். ஆனால் பறக்கும்போது அதன் மோட்டாரும் இறக்கைகளும் ரேடியேட்டரின் முகத்தில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்வதால், ஏறும்போது ஏற்கெனவே சூடாகும் விமானத்தில் அதை நான் பொருத்த மாட்டேன்.

டாக்ஸியில் சூடு 104 டிகிரியைத் தொடாமல், புறப்பட்ட இரண்டு நிமிடங்களில் தணிந்துவிட்டால் யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

## அறிகுறி 2: தரையில் சரி, மேலேறும்போது தண்ணீரின் சூடு ஏறிக்கொண்டே போகிறது

முழு சக்தியும் குறைந்த வேகமும் சேரும் நேரம் இது. காற்று தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு உயர்கிறது. கடல் மட்டத்தில் 80 நாட் (மணிக்கு 80 கடல் மைல்) வேகத்தில் அது ஏறத்தாழ 4.2 அங்குல நீர் (அழுத்தம் தூக்கி நிறுத்தும் நீரின் உயரம்), 100 நாட் வேகத்தில் 6.5 அங்குல நீர். 20 நாட் கூட்டினால் பாதிக்கு மேல் கூடுதல் அழுத்தம் இலவசமாகக் கிடைக்கிறது. எனவே முதல் சோதனையாக, அதே நாளில் ஒருமுறை 80 நாட் வேகத்திலும் ஒருமுறை 100 நாட் வேகத்திலும் ஏறிப் பாருங்கள்; பிறகு 1,500 அடியில் சமமாகப் பறந்து, முள் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

### 2அ: வேகம் கூடியதும் இரண்டு மூன்று நிமிடங்களில் சூடு இறங்குகிறது

பழுது காற்றின் பக்கம் இருக்கிறது.

இடுக்குகள். காற்று சோம்பேறி, ரேடியேட்டரின் நெருக்கமான இதழ்களுக்குள் நுழைவதைவிட, ஓரத்தில் ஒரு விரல் அகல இடைவெளி கிடைத்தால் அதன் வழியாக நழுவவே விரும்பும். கவுலைக் கழற்றி, நுழைவாயிலிருந்து ரேடியேட்டரின் நான்கு ஓரங்கள் வரை விரலால் தடவிப் பாருங்கள். ஹேங்கர் இருட்டாக இருக்கும்போது காற்றுவழிக்குள் ஒரு பல்பை வைத்து வெளியிலிருந்து பார்த்தால் ஒளி கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும் இடம் என்பது தெரிந்துவிடும். சிலிகான் பசையும் ரப்பர் பட்டையும் போதும்.

வெளிவாய். உள்ளே வந்த காற்று வெளியேற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நுழைவாயைப் பெரிதாக்கி ஃபைபர் கிளாஸை வெட்டியவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். வெளிவாயை அளந்துவிட்டு வந்தவர் அநேகமாக ஒருவரும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கும் கருவிக்குப் பத்து டாலர்கூட ஆகாது. கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை 'யூ' வடிவில் வளைத்து ஓர் அட்டையில் ஒட்டி, உணவில் சேர்க்கும் சிவப்பு நிறம் கலந்த தண்ணீரைப் பாதிவரை ஊற்றி, பக்கத்தில் அளவுகோலை ஒட்டிவிடுங்கள். ஒரு முனையை ரேடியேட்டருக்கு முன்னாலும் மறுமுனையை அதற்குப் பின்னாலும் கொண்டுபோங்கள். இரண்டு பக்கத்துத் தண்ணீர் மட்டங்களுக்கும் இடையிலான உயரமே ரேடியேட்டரின் குறுக்கே காற்றைத் தள்ளும் அழுத்தம். ஒவ்வொரு முனையையும் விமானத்தின் ஸ்டாட்டிக் குழாயோடு (வேகமானிக்கும் உயரமானிக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தரும் குழாய்) தனித்தனியே ஒப்பிட்டால், குறை முன்னாலா பின்னாலா என்பதும் தெரியும். அந்தச் சோதனைக்காகப் பிரித்த ஸ்டாட்டிக் குழாயை மறுபடி இணைத்துக் கசிவு பார்க்காமல் அடுத்த பயணத்துக்குப் போகக் கூடாது. குழாய்களின் முனை காற்றை நேரே பார்க்காதபடி, ஓரங்களில் சிறு துளையிட்டு நுனியை அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அளவு பொய்யாகிவிடும். படிப்பதற்கு இரண்டாவது ஆள் கட்டாயம். விமானி அட்டையைப் பார்த்துக்கொண்டு மேலேறக் கூடாது.

சென்ற ஆண்டு ஒரு விமானத்தில் 85 நாட் வேகத்தில் ஏறும்போது முன்னால் 3.2 அங்குலமும் பின்னால் 2.3 அங்குலமும் காட்டியது. அதாவது ரேடியேட்டருக்குக் கிடைத்தது ஓர் அங்குலத்துக்கும் குறைவு. அதன் உரிமையாளர் மூன்றாவது ரேடியேட்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். கவுலின் அடிவாயில் புகைக்குழாயும் மூக்குச் சக்கரத்தின் தாங்கியும் போக, காற்றுக்கு மிச்சமிருந்த வழி நுழைவாயைவிடச் சிறியதாக இருந்தது. வெளிவாயை அகலப்படுத்தி, அதன் முன்விளிம்பில் கீழ்நோக்கிச் சாய்ந்த இரண்டு அங்குல அலுமினியத் தகடு ஒன்றை ரிவெட் அடித்துப் பொருத்தினோம். பின்பக்க அழுத்தம் 0.6 அங்குலத்துக்கு இறங்கியது. புதிய ரேடியேட்டர் இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது.

நுழைவுப் பாதையின் வடிவம். முன்பக்க அழுத்தமே குறைவு என்றால், சிறிய வாயிலிருந்து பெரிய ரேடியேட்டருக்குப் பாதை திடீரென்று விரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சுவரும் ஏறத்தாழ 7 பாகைக்கு மேல் வெளிநோக்கிச் சாய்ந்தால் காற்று சுவரைவிட்டுப் பிரிந்து சுழல்கிறது. ரேடியேட்டரின் நடுவில் மட்டும் காற்று பாய்ந்து மூலைகள் சும்மா இருக்கின்றன. இடமில்லாத கவுலில் இதைத் திருத்துவது அச்சு எடுத்துக் காற்றுவழியைப் புதிதாக வார்க்கும் வேலை. ஃபைபர் கிளாஸில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே மேல்.

### 2ஆ: வேகம் கூடியும் சூடு இறங்கவில்லை, அல்லது மிக மெதுவாக இறங்குகிறது

பழுது தண்ணீரின் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். ரேடியேட்டருக்குள் நுழையும் குழாயிலும் வெளிவரும் குழாயிலும் தலா ஒரு வெப்ப சென்சாரைக் கட்டிவையுங்கள். ஏறும்போது இரண்டுக்கும் இடையே 6 முதல் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஓட்டம் சரி. வித்தியாசம் 15 டிகிரியைத் தாண்டினால் தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் வெப்பத்தை வாங்கவில்லை. 2அ பகுதிக்குத் திரும்புங்கள்.

உள்ளே தங்கிய காற்று. கூலண்ட் மூடி எல்லாவற்றையும்விட உயரமாக இருக்கும்படி மூக்கையோ வாலையோ தூக்கிவைத்து நிரப்புங்கள். எஞ்சினிலும் ரேடியேட்டரிலும் உள்ள உச்சப் புள்ளிகளிலிருந்து மெல்லிய குழாய்கள் மேல் தொட்டிக்குப் போக வேண்டும்.

தெர்மோஸ்டாட். ஏறும்போது சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது பலருடைய முதல் வேலை, இந்த எஞ்சினில் அதுவே பழுதை உண்டாக்குகிறது. மாஸ்டா தெர்மோஸ்டாட்டின் அடியில் இருக்கும் இரண்டாவது தட்டு, எஞ்சின் சூடானதும் பைபாஸ் துளையை மூடுகிறது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு அந்தத் துளையை அடைக்காமல் விட்டால், சூடான தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே எஞ்சினைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். எடுத்திருந்தால் துளையை மரையிட்டு அடையுங்கள். வைத்திருந்தால், அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டு, 82 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

உறிஞ்சு ஹோஸ். ரேடியேட்டரிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ், சூடானபின் அதிகச் சுற்றில் உறிஞ்சு விசையால் சப்பையாகிவிடலாம். தரையில் கையால் அழுத்திப் பார்த்தால் உறுதியாகத்தான் இருக்கும். உள்ளே சுருள்கம்பி இல்லையென்றால் ஒன்றை நுழைத்துவிடுங்கள்.

பம்பும் பெல்ட்டும். பெல்ட் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் வழுக்குகிறது என்று பொருள். காரில் எப்போதாவது தொடும் 6,000 சுற்றில் விமானத்தில் மணிக்கணக்கில் ஓடுவதால் பம்ப் தண்ணீரைத் தள்ளாமல் நுரைக்கத் தொடங்கலாம். பம்பின் கப்பியைப் பெரிதாக்கி அதன் சுற்றைக் குறைப்பதே தீர்வு.

கலவையும் பற்றவைப்பும். ரோட்டரின் டிரெய்லிங் பிளக்குகள் (ஒவ்வொரு ரோட்டருக்கும் உள்ள இரண்டு பிளக்குகளில் பின்னது; முன்னது லீடிங்) வேலை செய்யாவிட்டாலோ, பற்றவைப்பு பிந்தினாலோ புகையின் வெப்பம் எகிறும். இந்த எஞ்சினின் புகைக்குழாய் சாதாரணமாகவே 900 டிகிரியைத் தொடும். அது கவுலுக்குள் ரேடியேட்டரையும் ஹோஸ்களையும் வாட்டும். லீடிங், டிரெய்லிங் இரண்டையும் தரையில் மாற்றி மாற்றி அணைத்துப் பார்த்து, சுற்றின் வீழ்ச்சியைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் கணினி வரைபடத்தை (எரிபொருள், பற்றவைப்பு அளவுகளின் அட்டவணையை) திருத்தத் தெரியாமல் தொட வேண்டாம். ஏறும்போது எரிபொருள் மெலிந்து, கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் ஓசை (நாக்கிங்) கிளம்பினால் ஏபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனையில் உள்ள அடைப்புப் பட்டை) உடையும், அதன் செலவு ரேடியேட்டர் விலையைப் பல மடங்கு தாண்டும்.

இவ்வளவுக்கும் பிறகே ரேடியேட்டரை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

## அறிகுறி 3: தண்ணீர் சரி, ஆயில் மட்டும் சூடாகிறது

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். குறைவைப் போலவே மிகையும் நுரையைக் கிளப்பிச் சூட்டைக் கூட்டும். அடுத்து ஆயில் கூலரின் இரு முனைகளும் கீழ்நோக்கி இருக்கின்றனவா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் மேற்பகுதியில் காற்று அடைபட்டு, பாதிக் கூலர் வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். வெளிவாய் மேலே இருக்கும்படி கூலரைத் திருப்பிவைப்பதே பல விமானங்களில் முழுத் தீர்வாக அமைந்திருக்கிறது.

ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து எடுத்த கூலரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை உண்டு. இரண்டாம் தலைமுறைக் காரின் கூலரில் உள்ளேயே வெப்பத்தால் இயங்கும் பைபாஸ் வால்வு இருக்கிறது. அது திறந்த நிலையில் சிக்கினால் ஆயில் கூலரின் ஓரமாகவே போய்விடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, பொசுங்காதபடி கையுறையோடு, கூலரின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். நுழைகுழாய் கொதிக்க, நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருந்தால் வால்வுதான் குற்றவாளி.

எசென்ட்ரிக் ஷாஃப்டின் (ரோட்டர்கள் சுழற்றும் நடுத் தண்டின்) முனையில் இருக்கும் வெப்ப வால்வும் தேய்ந்தால் ரோட்டர்களுக்குப் போக வேண்டிய ஆயிலின் அழுத்தம் குறையும். விமானத்தில் ஓட்டுபவர்கள் அதன் இடத்தில் திடமான அடைப்பானைப் போட்டுவிடுவது வழக்கம். ஹோஸ்களின் உள்விட்டம் 5/8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, கூர்மையான எல்போக்களும் வேண்டாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஆயில் சூடாகிறது என்றால், தண்ணீருக்குச் சொன்ன அழுத்தச் சோதனையை ஆயில் கூலருக்கும் செய்யுங்கள்.

ஆயில் அழுத்தமும் சேர்ந்து வீழ்ந்தால் அடுத்த பயணம் கூடாது. எஞ்சின் கட்டுபவரை அழைக்க வேண்டிய இடம் இது.

## அறிகுறி 4: கசிவு தெரியவில்லை, ஆனால் கூலண்ட் குறைகிறது

மூடி. கார் உதிரிபாகக் கடையில் சில நிமிடங்களில் சோதித்துத் தருவார்கள். 13 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அழுத்தம்) மூடி அதற்குக் கீழே திறந்தால் மாற்றுங்கள். மூடி வெளிக்காற்றோடு ஒப்பிட்டே அழுத்தத்தைக் காக்கிறது என்பதால், 8,000 அடியில் வெளிக்காற்றின் அழுத்தம் 3.8 பி.எஸ்.ஐ. குறையும்போது கொதிநிலையும் ஏறத்தாழ 5 டிகிரி இறங்குகிறது.

மூடியின் இடம். மூடி பம்பின் தள்ளும் பக்கத்தில் இருந்தால், முழுச் சுற்றில் பம்பின் அழுத்தமும் சேர்ந்து அதைத் திறந்துவிடும். தரையில் ஒரு சொட்டும் கசியாமல், ஏறும்போது மட்டும் தொட்டி வழிகிறது என்றால் இதையே முதலில் சந்தேகியுங்கள். மூடியை உறிஞ்சும் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

உள்சீல்கள். இரண்டும் சரி என்றால் நெஞ்சைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். காலையில் முதல்முறை இயக்கும்போது இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருவது, மூடியைத் திறந்து இயக்கினால் குமிழிகள் ஓயாமல் வருவது, ஒரு ரோட்டரின் பிளக் ஈரமாக இருப்பது ஆகியவை கூலண்ட் சீல் போய்விட்டதற்கான அடையாளங்கள். நீலத் திரவச் சோதனைக் குழாயைத் தொட்டியின் வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். நிறம் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது கை பம்பால் மூடியின் அழுத்தம் வரை மட்டும் ஏற்றி, ஓர் இரவு விட்டுவைத்து, காலையில் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பது இரண்டாவது சாட்சி.

இதற்கு மருந்து ஊற்றி அடைக்கும் வேலை விமானத்தில் கிடையாது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும். யாரை அழைப்பது என்பதிலும் எச்சரிக்கை தேவை. விமான மெக்கானிக் உரிமம் பெற்றவர்களில் பலர் ரோட்டரியின் உட்புறத்தைப் பார்த்ததே இல்லை. சீல் வேலைக்கு ரோட்டரி கார் எஞ்சின்களைக் கட்டிப் பழகியவரிடம் கொடுங்கள். திரும்பப் பொருத்திய பிறகு ஹோஸ், கவுல், கட்டுப்பாட்டுக் கேபிள்களைப் பார்க்க விமான மெக்கானிக்கை அழையுங்கள்.

## அறிகுறி 5: ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று விழுகிறது

ஐந்திலும் ஆபத்தானது இதுதான். சூடு தணிந்துவிட்டது என்று மகிழ்ந்து மேலேறுவதைத் தொடர்ந்தவர்கள் உண்டு. கூலண்ட் வெளியேறி, சென்சாரின் முனை நீராவியில் தொங்கும்போது மீட்டர் பொய்யாகக் குறைத்துக் காட்டும். முள் விழுந்த அதே நேரத்தில் ஆயிலின் சூடு விரைந்து ஏறினாலோ, விமானி அறையில் இனிப்பு வாடை வந்தாலோ, கண்ணாடியில் மெல்லிய படலம் படிந்தாலோ சந்தேகமே வேண்டாம். சக்தியைக் குறைத்து, அருகிலுள்ள ஓடுபாதையில் இறங்குங்கள். கூலண்ட் அழுத்தத்துக்கென்று ஒரு தனி மீட்டர் வைத்தால், வெப்பமானி ஏமாற்றும் இந்தத் தருணத்தில் அது உண்மையைச் சொல்லும்.

தரையிறங்கியதும் மூடியைத் திறக்காதீர்கள்; கைபொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். காரணம் பிளந்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப் போன்ற எளியதாகவே இருந்தாலும், தண்ணீர் இல்லாமல் ஓரிரு நிமிடம் சக்தியோடு ஓடிய அலுமினிய ஹவுசிங் வளைந்திருக்கலாம், அதன் ரப்பர் சீல்கள் வெந்திருக்கலாம். ஹோஸை மாற்றிய கையோடு அறிகுறி 4-இல் சொன்ன நீலத் திரவச் சோதனையையும் இரவு முழுவதுமான அழுத்தச் சோதனையையும் செய்து, ரோட்டரிக்கான கம்ப்ரெஷன் மீட்டரால் ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களையும் அளந்த பிறகே விமானத்தை மறுபடி ஓடுபாதைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.